ஹெட்போனின் வரைபடமும் நம் காதும்

நீலகிரியின் குந்தாவில் மின்நிலைய வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் பெரிய டிரான்ஸ்பார்மர்களின் முனகல் கேட்கும். மூடுபனி இறங்கிய காலையில், தேயிலைத் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன், அது இன்னும் தெளிவாகக் காதில் விழும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் இரும்பு இரண்டு முறை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. அதனால் முனகல் 100 ஹெர்ட்ஸில் பிறக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அவர் கீழே இறங்கித் தொடும் மந்திர ஸ்தாயிப் பஞ்சமம் 98. முனகலும் அந்தப் பஞ்சமமும் கிட்டத்தட்ட ஒரே இடம். குந்தாவில் வளர்ந்தவருக்கு 100 ஹெர்ட்ஸ் என்பது எண்ணாகத் தெரிவதற்கு முன்பே ஒலியாகத் தெரியும்.

ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள் இப்போது விலையையும் நிறத்தையும் மட்டும் பார்ப்பதில்லை. ஒரு கோட்டுப் படத்தையும் பார்க்கிறார்கள். இடப்புறம் மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஒரு மேடு ஏறி, கடைசியில் முறிந்து முறிந்து இறங்கும் கோடு. அதிர்வெண் வரைபடம் என்பது அதன் பெயர். ஒரே அளவு மின்குறிப்பை அடிமட்ட ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை கொடுத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் எவ்வளவு சத்தமாக அது வெளியே வருகிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது. இந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம், எதோடு ஒப்பிட வேண்டும், எங்கே அது வாய் திறக்காது என்பவைதான் இந்தக் கட்டுரையின் கேள்விகள். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வரைபடம் நம்பத்தக்க சாட்சி. ஆனால் நமக்கு ஏற்கனவே பழகிய ஒலிகளோடு பொருத்தினால்தான் அதன் பேச்சு விளங்கும். எது நல்ல கோடு என்று தீர்ப்புச் சொல்ல ஓர் இலக்குக் கோடு இருக்கிறது. அதை வரைந்த காதுகளில் நம் காது சேரவில்லை.

படத்தின் கிடைக்கோட்டில் 20 முதல் 20,000 வரை எண்கள் இருக்கும். அவை சம இடைவெளியில் இல்லையே என்று பலர் திகைக்கிறார்கள். ஆர்மோனியத்தை நினைத்துக்கொண்டால் திகைப்பு போய்விடும். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒரே அகலம். ஆனால் ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரட்டிப்பாகிறது. 20, 40, 80, 160 என்று இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது தாவலில் 20,480 வந்துவிடும். ஆக, அந்தப் படம் பத்து ஸ்தாயி நீளமுள்ள ஓர் ஆர்மோனியம். அதன் நடுப்புள்ளி 10,000 என்று தோன்றும். உண்மையில் 630 சொச்சம்தான்.

இப்போது பாட்டை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அவர் மேலே போய்த் தொடும் தார ஸ்தாயிப் பஞ்சமம்கூட 590-ஐத் தாண்டுவதில்லை. அப்படியானால் கர்நாடகக் கச்சேரியில் பாடப்படும் சுரங்கள் கிட்டத்தட்ட எல்லாம் படத்தின் இடப்பாதியிலேயே முடிந்துவிடுகின்றன. 1,000-க்கு வலப்புறம் நான்கு ஸ்தாயிக்கும் சற்று மேலான நிலப்பரப்பு இருக்கிறது. அங்கே பாடகரின் சுரம் எதுவும் இல்லை. அந்தக் குரல் யாருடையது என்று அடையாளம் காட்டும் சாயல் அங்கேதான் இருக்கிறது. அகரத்துக்கும் இகரத்துக்கும் உள்ள வேறுபாடு, சகரத்தின் சீற்றம், வீணைத் தந்தியில் விரல்நகம் படும் கீறல் எல்லாம் அந்தப் பக்கம். ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகளில் முக்கியமானவை 1,500-க்கும் 3,000-க்கும் இடையில் விழுகின்றன. அந்த இடத்தில் ஆழமாகக் குழி விழுந்த ஹெட்போனில் தமிழ்ப் பாட்டைக் கேட்டால், நன்றாக உச்சரிக்கும் பாடகருக்குக்கூட நாக்குத் தடித்துப்போனதுபோல் இருக்கும்.

நெடுக்குக்கோட்டில் டெசிபெல். 10 டெசிபெல் கூடினால் காதுக்குச் சத்தம் இரட்டிப்பானதுபோல் படும்; இரண்டு மூன்று டெசிபெல் வேறுபாடு அகலமான பரப்பில் இருந்தால் கவனமாகக் கேட்பவர் கண்டுகொள்வார். இங்கே ஒரு கண்கட்டு வேலை நடக்கலாம். நெடுக்குக்கோட்டை 100 டெசிபெல்லுக்கு நீட்டி வரைந்தால் எந்த மலையும் சமவெளியாகத் தெரியும். 20 டெசிபெல்லுக்குச் சுருக்கி வரைந்தால் சிறு மேடும் தொட்டபெட்டாவாகிவிடும். கோட்டைப் பார்க்குமுன் ஓரத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் '20 – 20,000 ஹெர்ட்ஸ்' என்ற வரியை அப்படியே விட்டுவிடலாம். எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அதற்குப் பொருளில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கோடு நேராக இருப்பதே சிறப்பு என்று நம்பி ஒரு ஹெட்போன் வாங்கினேன். அளவெடுத்த படத்தில் அது 200-லிருந்து 5,000 வரை பாய் விரித்ததுபோல் சமமாக இருந்தது. போட்டுக் கேட்டபோது பாடகி கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடினார். பிழை என் வாசிப்பில் இருந்தது. காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம்; ஒரு முனை திறந்திருக்கிறது, மறுமுனையைச் செவிப்பறை அடைத்திருக்கிறது. ஒரு முனை அடைத்த மூங்கில் துண்டின் வாயில் ஊதினால் அதற்கென்று ஒரு சுரம் ஒலிக்கும் அல்லவா? அதைப்போலக் காதுக்குழாய்க்கும் சொந்தச் சுரம் உண்டு. காது மடலின் குழிவும் சேர்ந்துகொள்ள, அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. வெளியிலிருந்து வரும் எந்த ஒலியும் செவிப்பறையை அடையும்போது அந்த வட்டாரத்தில் 10 முதல் 15 டெசிபெல் வரை தூக்கிவிடப்படுகிறது. பிறந்த நாள் முதல் உலகத்தை இந்த மேட்டோடுதான் கேட்டு வருகிறோம். மூளைக்கு அதுவே சமவெளி. ஹெட்போனோ காது மடலை மூடிவிடுகிறது, இயர்போன் குழாயின் பாதியை அடைத்தே விடுகிறது. இயற்கையாக வரவேண்டிய மேட்டை அந்தக் கருவிதான் செயற்கையாகத் திருப்பித் தரவேண்டும். செவிப்பறை இருக்குமிடத்தில் அளந்த படத்தில் 3,000-ஐ ஒட்டி ஒரு மேடு இருந்தால் அது குறையில்லை. இல்லாவிட்டால்தான் குறை.

இந்த மேடு எந்த வடிவத்தில் இருக்கவேண்டும் என்பதில்தான் பெரிய வாதமே நடந்தது. ஆய்வுக்கூடத்தில் உயிருள்ள காதுக்குப் பதிலாக ஒரு பொம்மைத் தலை தேவைப்பட்டது. சராசரி மனித அளவுகளில் அமைந்த கேமர் என்ற பொம்மை 1972-இல் வந்தது. அதன் காதுக்குள் ஒலிவாங்கி. முன்னால் நிற்கும் ஒரே ஒலிபெருக்கியைக் கேட்பதுபோல் ஹெட்போன் இருக்கவேண்டும் என்றது ஒரு கட்சி. எல்லாத் திசையிலிருந்தும் ஒலி சமமாக வந்து சேரும் அறையில் கேட்பதுபோல் இருக்கவேண்டும் என்றது மற்றொன்று. ஜெர்மனியின் குந்தர் தைலே 1986-இல் இந்த இரண்டாவது பக்கத்துக்கு வலுவாக வாதாடினார். வானொலி நிலையப் பதிவுக்கூடங்களில் அது பரவியது. ஆனால் அந்த வழியில் செய்த ஹெட்போன்கள் பலருக்கு மெலிந்து, மேல்சுரம் கூர்ந்து ஒலித்தன.

இதற்கிடையே கனடாவில் வேறொரு பாதை திறந்திருந்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ் நம் குந்தா நீர்மின் திட்டத்துக்கு உதவிய அதே கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில், ஃபிளாய்ட் டூல் ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து, பெயர் தெரியாமல் மக்களைக் கேட்கச் சொன்னார். எது பிடிக்கிறது என்று அவர்கள் சொன்னதை அளவெடுத்த கோடுகளோடு ஒப்பிட்டார். பெயரும் விலையும் கண்ணில் படாதபோது மக்களின் விருப்பம் வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போனது. அங்கே அவருடன் பணியாற்றிய ஷான் ஆலிவ், பின்னர் ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டியோடு சேர்ந்து அதே முறையை ஹெட்போனுக்குக் கொண்டுவந்தார். 2013 முதல் அவர்களுடைய ஆய்வுகள் வரிசையாக வெளிவந்தன. நல்ல அறையில் சீராக அமைத்த ஒலிபெருக்கிகள் செவிப்பறையில் என்ன கோட்டை வரைகின்றனவோ அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, பேஸையும் ட்ரெபிளையும் கேட்பவரே கூட்டிக் குறைத்துக்கொள்ளவிட்டார்கள். கடைசியில் கிடைத்ததுதான் இன்று ஹார்மன் இலக்கு என்று வழங்கும் கோடு: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சில டெசிபெல் உயர்ந்த ஒரு திட்டு, 3,000-ஐ ஒட்டி மேடு, அதன்பின் சீரான இறக்கம். இயர்போனுக்கு வரைந்த இலக்கில் பேஸ் திட்டு இன்னும் உயரம்.

2014-இல் வெளியான ஓர் ஆய்வில் கனடா, அமெரிக்கா, ஜெர்மனி, சீனா ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்த 238 பேர் பங்கேற்றார்கள். வயது, நாடு, பயிற்சி வேறுபட்டாலும் விருப்பம் பெரிதும் ஒன்றாகவே இருந்தது. பின்னாளில் வேறோர் ஆய்வில் கேட்பவர்களை விருப்பப்படி பிரித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 64 விழுக்காட்டினருக்கு அந்த இலக்கு அப்படியே பிடித்தது. 15 விழுக்காட்டினர் இன்னும் கூடுதல் பேஸ் கேட்டார்கள். 21 விழுக்காட்டினர் குறைவாகக் கேட்டார்கள்.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். விளம்பர வாசகங்களின் சேற்றிலிருந்து ஹெட்போனைத் தூக்கி அறிவியலின் தரையில் நிறுத்தியது இதுதான். 3,000 ஹெர்ட்ஸ் மேடு நமக்கும் பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. காதுக்குழாயின் நீளம் மொழியைப் பார்த்து மாறுவதில்லை. ஐயம் பேஸ் திட்டைப் பற்றியது. அது எந்த இசையை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது, அந்த இசையில் அடிமட்டம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது.

மேற்கத்திய மேளங்கள் பெரும்பாலும் சுரமற்ற அதிர்வு. மிருதங்கத்தின் கதை வேறு. சர் சி.வி. ராமன் 1920-இலேயே, சிவகாளி குமாருடன் சேர்ந்து, நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார். சாதாரணத் தோலின் மேலொலிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் உள்ள கறுப்புச் சோறு அவற்றை இழுத்து ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியத்தைப்போல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற மடங்குகளில் நிறுத்துகிறது. அதனால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க முடிகிறது. இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி ஒலி 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே ஆறேழு டெசிபெல் கூடினால் வழுக்கல் உருண்டையாகிவிடும்; விரல் எங்கே தொடங்கி எங்கே முடித்தது என்று தெரியாது. தம்புராவிலோ சங்கதி மறுமுனையில். ஜீவா நூல் தந்திக்கும் குதிரைக்கும் இடையில் கிளப்பிவிடும் மேலொலிகள் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை ஏறுகின்றன. அந்தப் பரப்பில் கோடு குண்டும் குழியுமாக இருந்தால் தம்புராவின் ரீங்காரம் துண்டு துண்டாகக் கேட்கும். ஹெட்போன் ஒன்றைச் சோதிக்க எனக்குத் தனித் தம்புரா ஒலியைவிட நல்ல கருவி கிடைக்கவில்லை.

இளையராஜா பாட்டுக் கேட்பவர்களின் தேவை இதற்கு நேர்மாறு. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். டீக்கடை ஸ்பீக்கரால் அந்த ஒலியை எழுப்ப முடியாது. ஆனாலும் 82, 123 என்று மேலே வரும் மடங்குகளை வைத்துக் காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. நாற்பது ஆண்டுகளாக அப்படி ஊகித்துக் கேட்டவர்களுக்கு, 40 ஹெர்ட்ஸ் வரை சரியாமல் நிற்கும் கோடுள்ள ஹெட்போனில் முதன்முறை கேட்பது, தெரிந்த வீட்டில் தெரியாத அறையைத் திறப்பது மாதிரி. இவர்களுக்குப் பேஸ் திட்டு வேண்டும், நியாயமாகவே வேண்டும்.

சரி, கோடு நம்பத்தக்கது என்றேன். எந்த இடம்வரை? இயர்போன் அளக்கப் பயன்படும் செயற்கைக் காதுக்கு ஒரு பன்னாட்டுத் தரவிதி உண்டு. 1981-இல் ஐஇசி 711 என்று வந்து, இப்போது 60318-4 என்ற எண்ணில் இருக்கிறது. 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கருவி மனிதக் காதுபோல் நடந்துகொள்ளும் என்று அந்த விதியே சொல்லிக்கொள்வதில்லை. அதோடு, பல படங்களில் 8,000-ஐ ஒட்டி ஒரு கூரிய சிகரம் தெரியும். இயர்போனைக் குழாயில் எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதைப் பொறுத்து அது இடம் மாறும். உங்கள் காதில் அது 7,000-லோ 9,000-லோ நிற்கலாம். வலதுகோடிச் சிகரங்களை வைத்து ஒரு ஹெட்போனை ஒதுக்குவது நியாயமில்லை. நான் 100 முதல் 5,000 வரையான பகுதிக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுக்கிறேன். வெவ்வேறு கருவியில் அளந்த இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடவும் மாட்டேன். ஓர் ஆள் ஒரே கருவியில் அளந்த படங்களுக்குள் ஒப்பிடலாம். அப்போதும் அது பச்சை அளவா, இலக்கைக் கழித்துத் திருத்திய அளவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். திருத்திய படத்தில்தான் நேர்கோடு நல்லது. முன்பு நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். கோடு அளவுமீறி வழுவழுப்பாக இருந்தால் ஏற்ற இறக்கங்களைச் சராசரி போட்டு மழித்திருப்பார்கள், அதையும் கவனிக்கவேண்டும்.

இடதுகோடிக்கு எங்கள் ஊரில் தனி வில்லங்கம் இருக்கிறது. மூடிய ஹெட்போனின் பேஸ், காதைச் சுற்றிக் காற்று கசியாமல் இருப்பதால் பிறக்கிறது. பொம்மைத் தலைக்குக் குளிராது. எங்கள் குந்தாப் பக்கத்து மஞ்சூரில் மார்கழி மாதத்தில் கம்பளிக் குல்லா போடாதவர் யார்? குல்லாவின் மேல் ஹெட்போனை மாட்டினால் நூலிழைகளின் வழியே காற்று கசிந்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு மளமளவென்று சரியும். தடித்த கண்ணாடிக் காம்பும் சிறிய அளவில் இதையே செய்யும். இயர்போனில் ரப்பர் முனையின் அளவு பொருந்தாவிட்டாலும் இதே கதிதான். 'படத்தில் பேஸ் இருக்கிறது, காதில் இல்லை' என்று புலம்புகிறவர்களில் பலருக்கு வேறு ஹெட்போன் தேவைப்படாது. முனையை மாற்றினால் போதும். உயரம் இதில் சேருமா என்று கேட்பார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டரில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் சத்தம் 2 டெசிபெல்லுக்குள் குறையலாம். கோட்டின் வடிவம் அநேகமாக அப்படியேதான் இருக்கும். வால்யூமை ஒரு படி ஏற்றினால் சரியாகிவிடும்.

கேட்கும் இடமும் வால்யூமும் கோட்டின் பொருளையே மாற்றுகின்றன. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்ச்சரும் மன்சனும் 1933-இல் காட்டினார்கள்: சத்தத்தைக் குறைத்தால் காது முதலில் அடிமட்டத்தைத்தான் இழக்கிறது. இரவில், வீட்டார் தூங்கும் நேரத்தில், மெல்ல வைத்துக் கேட்பவருக்குப் பேஸ் திட்டு உள்ள ஹெட்போன் சமமாகப் படும். நாற்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் மஞ்சூரிலிருந்து காரமடைக்கு இறங்கும் பஸ்ஸிலும் அப்படித்தான். டீசல் எஞ்சினின் உறுமல் அடிமட்டத்தில் குவிந்திருப்பதால் பாட்டின் பேஸை அது விழுங்கிவிடும். அங்கே பேஸ் வேண்டும் என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து. 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி உறுமலை நன்றாகவே குறைக்கும். பஸ் பயணிக்கு நான் அதைத்தான் சொல்வேன், வரைபடத்தைக்கூட அடுத்தபடியாகத்தான்.

விலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2017-இல் யெரூன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களின் கோடுகளை விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. வலிக்காமல் இரண்டு மணி நேரம் போட்டிருக்க முடியுமா, ஒயர் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதெல்லாம் படத்தில் இல்லை. பாட்டு தலைக்குள் கேட்கிறதா, முன்னால் விரிகிறதா என்பதையும் ஒற்றைக் கோட்டிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. மறுபக்கம், கோட்டின் அகலமான மேடு பள்ளங்களைப் போனில் உள்ள ஈக்வலைசரைக் கொண்டே பெருமளவு சீர்செய்துவிடலாம். ஆகவே நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் தலைக்கும் காதுக்கும் பொருந்துவதைப் பார்க்கிறேன், பிறகு 100 முதல் 5,000 வரை கூரிய குழிகள் இல்லாததைப் பார்க்கிறேன். பேஸ் திட்டு கூடுதலோ குறைவோ, அதைக் கேட்டபின் திருத்திக்கொள்ளலாம்.

திருத்த முடியாத ஒன்று பதிவிலேயே இருக்கிறது. டூல் இதைக் குழப்ப வட்டம் என்றார். பதிவுசெய்தவர் எந்த ஸ்பீக்கரில் கேட்டுச் சரிபார்த்தாரோ அது நமக்குத் தெரியாது. அவர் பிழையா, நம் ஹெட்போனின் பிழையா என்று பிரிக்க முடியாது. மூல ஒலியை அறிந்தவர் இல்லாத சபையில் நகல் சரியா என்று தீர்ப்பு நடக்கிறது. நீலகிரியில் அந்த மூலத்தை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்றான குந்தா கோத்தகிரி எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அவர்களுடைய கொள் இரட்டைச் சீவாளி கொண்ட குழல். அதன் கூர்மை, வரைபடத்தில் மேடு நிற்கும் அதே பரப்பில் பாய்கிறது. கூடவே முழங்கும் பர், தபட்க் என்ற மேளங்கள் இடதுகோடியை நிரப்பும். போனில் எடுத்த கொள் இசைப் பதிவுகளில் மேளத்தின் அடி பெரும்பாலும் போனின் ஒலிவாங்கியிலேயே தங்கிவிடுகிறது. எந்த ஹெட்போனும் அதை மீட்டுத் தராது. அந்த 238 பேரிடம் செய்த சோதனையை ஒருநாள் இந்த மலையில் யாராவது செய்வதானால், நல்ல ஒலிவாங்கியில் கொள்ளையும் பரையும் முதலில் பதிவுசெய்யட்டும். பிறகு அதை வாசித்தவரையே நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, பேஸ் குமிழை அவர் கையில் கொடுக்கட்டும்.